அருளப்பரும் யோவானும்



பத்து வயது வரைக்கும் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. என் பாட்டி தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், தாத்தா தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. பாட்டி சொல்லும் கதைகளில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் வருவார்கள். ஞாயிறு பள்ளியிலோ பேதுரு, பவுல், யோவான். இயேசுவுக்கு மொத்தம் இருபத்துநான்கு சீடர்கள் போலிருக்கிறது என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சிரிக்கிறீர்கள், உங்களில் சிலர் வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

மொழிபெயர்ப்பு வரலாறு படித்த பிறகுதான் விளங்கியது. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்று பொருள், அதனால் சின்னப்பர். யோவானின் எபிரேய மூலத்துக்கு ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்று பொருள், அதனால் அருளப்பர். கத்தோலிக்கர் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆள் ஒருவரே.

இந்தப் பிரிவுக்குப் பின்னால் பெரிய சண்டையே உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சேற்றினார். கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் அந்தத் தமிழையும் விடவில்லை, லுத்தரன் கொள்கையையும் விடவில்லை. ‘லுத்தேரினத்தியல்பு’ என்று ஒரு கண்டன நூலே எழுதினார். தேம்பாவணி பாடிய அதே கை.

அதே தரங்கம்பாடியில்தான் 1919 மே மாதம் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா முதலிய திருப்பணியாளர்கள் கூடி, இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்று அறிவித்தார்கள். சபைகளை ஒன்றாக்கும் பேச்சு தொடங்கியதும், பேராயர் இல்லாமல் திருச்சபையா என்றார்கள் ஆங்கிலிக்கன்கள். பேராயர் வந்தால் சபையின் சுதந்திரம் போச்சே என்று அஞ்சினார்கள் எதிரே இருந்த, பேராயர் இல்லாத சபையார். 28 ஆண்டுகள் பேசினார்கள். ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர் யாரும் மறுபடி பெற வேண்டாம், இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுக்கட்டும் என்று ஒரு வழி கண்டார்கள். 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அசரியா இல்லை. இரண்டே முக்கால் ஆண்டுக்கு முன்பே போய்விட்டார். லுத்தரன்கள் அதில் சேரவும் இல்லை.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்புதான். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. அந்த வேலையில் ‘எங்கள் சபை என்ன சொல்கிறது’ என்ற கேள்வி கொஞ்ச தூரம்தான் செல்லும். ‘இந்த வசனம் என்ன சொல்கிறது’ என்று கேட்டே ஆக வேண்டும். கத்தோலிக்கர் அருளப்பரை விட்டு யோவானுக்கு வந்தார்கள். மற்றச் சபையார் பக்கம் கர்த்தர் ஆண்டவரானார், பரிசுத்த ஆவி தூய ஆவியானது. ஒத்துவராததை மூடி மறைக்கவும் இல்லை. ஒரு சாரார் ஏற்று, மறு சாரார் ஏற்காத நூல்களை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே ‘இணைத் திருமுறை’ என்று தனியாக வைத்தார்கள். ஜனவரியில் ஒற்றுமை வாரம் கொண்டாடி, போட்டோ எடுத்து, டீ குடித்துக் கலைவதைவிட, அந்த நடுப்பக்கங்களை நான் அதிகம் நம்புகிறேன்.

நம் புராட்டஸ்டண்ட் கோவில்களில் இன்றும் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புதான் ஒலிக்கிறது. காதுக்குப் பழகியதை யார் விடுவார்? என் தாத்தாவும் விடவில்லை.

பாட்டி படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில், கண் தெரியாத அவருக்குத் தாத்தாதான் ராத்திரி ஜெபத்துக்கு முன் வாசிப்பார். அதே கறுப்பு அட்டை வேதாகமம், அதே கர்த்தர், அதே பரிசுத்த ஆவி. ஆனால் யோவான் என்ற பெயர் வரும் இடத்தில் ஒரு கணம் நின்று, அருளப்பர் என்று வாசிப்பார். “தாத்தா, தப்பா வாசிக்கிறீங்க” என்பேன் நான். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்.