நூலகத்துக்குக் கொடுத்த பத்துப் பைசா எங்கே?

(ஒரு படிப்பக ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஷிப்டு முடிந்து, பஞ்சுத் தூசி படிந்த தலையோடு வந்திருக்கிறீர்கள். நடவு வயலிலிருந்து நேராக வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஓய்வு நேரம் எவ்வளவு அருமை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு, ஆலையை விட்டு நின்ற ஒரு தொழிலாளியோடு ஒரு நூலகத்துக்குப் போனோம். பணிக்கொடை எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் பார்க்க அவருக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. அங்கே நூலகர் இடம் காலி. பக்கத்து ஊர் நூலகர் வாரத்தில் இரண்டு நாள் வந்து கதவைத் திறக்கிறார். அட்டவணை கிடையாது. புதிய புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடந்தன. ஒன்றரை மணி நேரம் தேடினோம். கிடைத்ததோ பழைய சட்டத்தின் விளக்கம்! 2025 நவம்பர் 21இல் 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்களை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. பழைய புத்தகத்தை நம்பி மனு எழுதியிருந்தால் அவர் கதி என்ன? அவர் இப்போது தினக்கூலிக்குப் போகிறவர். அன்றைய கூலியும் போயிற்று.

தோழர்களே, புத்தகத்தைக் குவித்து வைத்தால் அது நூலகம் ஆகிவிடாது. உங்கள் ஆலையில் ஸ்டோர் ரூம் இருக்கிறது. ஒரு போல்ட் வேண்டுமென்றால் பதிவேட்டைப் பார்த்து, எந்த ரேக், எந்தப் பெட்டி என்று ஸ்டோர் கீப்பர் சொல்கிறார். எல்லாச் சாமானையும் ஒரே குவியலாகக் கொட்டி வைத்தால், சாமான் இருந்தும் மிஷின் நிற்கும். நூலகமும் அப்படியே.

இதை நன்கு உணர்ந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில தகடுகள், நட்டு, போல்ட். மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், கிரேனும் ஆகும். புத்தகத்தின் விஷயத்தையும் இப்படிப் பிரித்துப் பூட்டலாமே என்று நினைத்தார். அதில் பிறந்த கோலன் பகுப்பு முறை 1933இல் அச்சாயிற்று. நெற்பயிரின் வேர் நோய் பற்றிய புத்தகமா? எந்தப் பயிர், எந்த உறுப்பு, என்ன கேடு, எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனிக் குறி. சேர்த்தால் புத்தகத்தின் இடம் தெரியும். வாசகனின் நேரம் வீணாகக் கூடாது என்பதை நூலகத்தின் ஐந்து விதிகளில் ஒன்றாகவே அவர் 1931இல் எழுதினார்.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போயிற்று. எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற இன்ஜினியர் செய்த ஏற்பாடு அது. அன்று சட்டமில்லை, வரியில்லை, வண்டி ஓடியது. இன்று இரண்டும் இருக்கின்றன. கதவு மூடிக் கிடக்கிறது!

“கையில் போன் இருக்கும்போது நூலகம் எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். போன் நல்ல கருவிதான், நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் சரியான சொல்லைப் போட்டுத் தேடத் தெரிய வேண்டும். விளம்பரம் முன்னால் வந்து நிற்கும். பழைய சட்டமும் புதுச் சட்டமும் கலந்து வரும். “உங்களுக்கு என்ன கஷ்டம், எந்த வருஷம் வேலையை விட்டீர்கள்?” என்று கேட்டு, சரியான பக்கத்தைக் காட்ட ஒரு மனிதர் வேண்டும். அவர்தான் நூலகர்.

அதற்குப் பணம் எங்கே என்கிறார்கள். பணம் கொடுத்தாயிற்று, தோழர்களே! 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டப்படுகிறது. இன்று ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் வரிக்கு நூறு ரூபாய். லைன் வீட்டில் குடியிருப்பவரும் வாடகையோடு சேர்த்து இதைக் கொடுக்கிறார். நகராட்சியும் பஞ்சாயத்தும் இதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பல ஸ்தல ஸ்தாபனங்கள் ஒப்படைக்காமல் பாக்கி வைக்கின்றன. பட்ஜெட்டில் வெட்டினால் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாமல் விழும் வெட்டு.

பிரிட்டனில் தெரிந்தே வெட்டினார்கள். நூலகம் நடத்துவது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை என்று அங்கே 1964ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆயினும் 2010க்குப் பின் சிக்கனத்தின் பேரால் பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 800 நூலகங்கள் மூடப்பட்டன. பலவற்றில் சம்பளம் வாங்கும் நூலகரை நீக்கி, சம்பளமில்லாத தொண்டர்களை உட்கார வைத்தார்கள். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கேட்பதற்கு ஜனங்கள் வேண்டும்.

ஆகவே நாம் கேட்போம். நம் ஊரில் சென்ற ஆண்டு நூலக வரி எவ்வளவு தண்டினார்கள்? எவ்வளவு ஒப்படைத்தார்கள்? கிராம சபையில் எழுந்து கேட்கலாம். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தரவேண்டும். பாக்கியைக் கட்டு, காலியிடத்தை நிரப்பு, அட்டவணை போடு, புதிய புத்தகம் வாங்கு, ஷிப்டு முடிந்து வருபவனுக்கு மாலையில் கதவைத் திற! இவையே நம் கோரிக்கைகள்.

அந்தத் தொழிலாளியை மாவட்ட மைய நூலகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே நூலகர் இருந்தார். பத்தே நிமிஷத்தில் புதுச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தார். மனு எழுதியாயிற்று. நம் ஊரிலேயே அந்தப் பத்து நிமிஷம் கிடைக்க வேண்டும். அதற்கான பத்துப் பைசாவை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், தோழர்களே!