பழுது எங்கே இருக்கிறது?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் மாணவர்கள் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றைப் பழுதுபார்க்கிறார்கள். அதில் நான் கண்டதைப் பகிர்கிறேன்.

ஜப்பானின் கேனான் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஏஇ-1 கேமரா அது. நுண்செயலி பொருத்தப்பட்ட முதல் எஸ்.எல்.ஆர். கேமரா. அதன் ஷட்டரை இயக்கிவிடுவது மின்காந்தம். மின்சாரம் இல்லையென்றால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. பலர் அதைக் குப்பை என ஒதுக்குவது இதனால்தான்.

"எடுத்தவுடன் திருகாணியில் கை வைக்காதீர்கள்" என்பதே மன்றத்தின் முதல் விதி. முதலில் பேட்டரி. 6 வோல்ட் தரும் அந்தச் சிறு உருளைக்குள் 1.5 வோல்ட் செல்கள் நான்கு தொடரிணைப்பில் உள்ளன. மல்டிமீட்டரில் அளந்து பார்த்தால் பாடம் கண்முன் நிற்கும்.

அடுத்து, பேட்டரி தொடும் உலோக முனைகள். கசிந்த அல்கலைன் பேட்டரியிலிருந்து வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். கையுறை அணிந்து, பஞ்சில் சிறிது வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். பத்தாம் வகுப்பின் நடுநிலையாக்கல் வினை இங்கே உயிர் பெறுகிறது.

ஷட்டர் இயங்கும்போது கீச்சொலி வந்தால், உள்ளே கண்ணாடியை இயக்கும் பகுதியில் எண்ணெய் வறண்டிருக்கும். பின்மூடியின் ஓரத்து நுரைப்பஞ்சு மக்கியிருந்தால் ஒளி கசிந்து ஃபிலிம் வீணாகும். மின்சுற்றே பழுதானால் இன்னொரு பழைய கேமராவிலிருந்துதான் உதிரிபாகம் எடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: ஃபிளாஷ் உள்ளமைந்த கேமராக்களை மாணவர்கள் திறக்கக் கூடாது. பேட்டரியை எடுத்த பின்னும் அவற்றின் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கலாம்.

இந்த மேசையில் முந்தி நிற்பவர்கள் பெரும்பாலும் தேர்வில் பின்தங்கியவர்கள்தான். "இதுவாக இருக்குமோ?" என்று கேட்டு, சோதித்து, இல்லையென்றால் அடுத்ததற்குப் போகிறார்கள். அறிவியல் முறை என்பது இதுதானே! நம் வினாத்தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை.

"இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று நாமும் எளிதில் சொல்லிவிடுகிறோம். காலையில் சாப்பிட்டானா, கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா என்று வரிசையாகப் பார்த்தோமா? பேட்டரியைக்கூடப் பார்க்காமல் கேமராவை ஒதுக்கலாமா?