கோப்பு போய்ச் சேரவில்லையா? பெயரையும் பாருங்கள்



இரவோடு இரவாக ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்புகளை அனுப்பும் வேலை இன்று ஏறக்குறைய எல்லா அலுவலகங்களிலும் நடக்கிறது. சம்பளக் கணக்கு, மாணவர் பட்டியல், படங்கள் என்று எதுவாகவும் இருக்கலாம். இதற்காக யாரும் விழித்திருப்பதில்லை. பத்து இருபது வரிகளில் எழுதி வைத்த ஒரு கட்டளைத் தொகுப்பு, அதாவது 'ஸ்கிரிப்ட்', அதைப் பார்த்துக்கொள்கிறது. காலையில் கோப்பு வந்து சேராத அன்றுதான் தலைவலி தொடங்குகிறது.

அன்று பெரும்பாலோர் முதலில் திட்டுவது இணையத் தொடர்பை. ஆனால் குற்றவாளி பல வேளைகளில் ஸ்கிரிப்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெயர்தான்.

ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரைக் கணினித் தமிழில் 'மாறி' என்கிறோம். ஒவ்வொரு மாறிக்கும் ஓர் எல்லை உண்டு. மாமாக் கடையில் "தம்பி" என்று குரல் கொடுத்தால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதே சொல் வீட்டுக்குள் ஒருவரைத்தான் குறிக்கும். அடுத்த வீட்டுத் தம்பி வேறு ஆள். கணினி மொழிகளிலும் இந்த வீட்டுச் சுவர்கள் இருக்கின்றன. ஆனால் மொழிக்கு மொழி இடம் மாறி நிற்கின்றன. பிஎச்பி மொழியில் வெளியே வைத்த பெயரைச் செயற்கூறு அறியாது. 'குளோபல்' என்று எழுதி உள்ளே அழைத்து வர வேண்டும். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள பாஷ் மொழியிலோ நிலைமை தலைகீழ். செயற்கூறுக்குள் வைத்த பெயரை 'லோக்கல்' என்று அடைத்து வைக்காவிட்டால், அது வெளியே வந்து அதே பெயரில் ஏற்கெனவே இருந்த மதிப்பை அழித்துவிடும்.

வேலைக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞர் 40 கோப்புகளை அனுப்ப பாஷில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்புப் பட்டியலைக் குழாய்க் குறி வழியாக ஒரு சுழற்சிக்குள் விடுகிறார். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது. முடிவில் திரையில் வருவது: அனுப்பிய கோப்புகள் 0. இளைஞர் திகைக்கிறார். கம்பியைப் பிடுங்கிச் சொருகுகிறார், கடவுச்சொல்லை மாற்றுகிறார், மறுபடியும் அனுப்புகிறார். அரை நாள் போய்விடுகிறது. உண்மையில் 40 கோப்புகளும் முதல் தடவையே போய்ச் சேர்ந்துவிட்டன!

பாஷில் குழாய்க் குறிக்கு வலப்பக்கம் இருப்பது பொதுவாகத் தனியொரு கிளையாக ஓடும். தாய் வைத்திருந்த எண்ணிக்கையின் நகல் ஒன்று அந்தக் கிளைக்குக் கிடைக்கிறது. அது 40 வரை எண்ணுகிறது. வேலை முடிந்ததும் எண்ணிய கணக்கோடு மறைந்துவிடுகிறது. வெளியூர் போன பிள்ளை சம்பாதித்ததை வீட்டுக் கணக்கில் எழுதாதது போலத்தான். பட்டியலை முதலில் ஒரு கோப்பில் எழுதி, அதைச் சுழற்சியின் முடிவில் உள்ளீடாகக் கொடுத்தால் கிளை பிரியாது, கணக்கும் சரியாக வரும். இதைவிட எளிய வழியும் உண்டு. அனுப்பிய இடத்து எண்ணிக்கையை நம்பாமல், பெற்றுக்கொண்ட இடத்தில் போய் எண்ணிப் பார்க்கலாம்.

கோப்பு போய்ச் சேர்ந்தும் திறக்காத சங்கடம் வேறு வகை. எஃப்டிபி என்னும் கோப்பு அனுப்பும் முறைக்கு 1971-இல் முதல் வரைவு எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்றவர். எழுத்துக் கோப்புகளுக்கு ஒரு வழி, மற்றவற்றுக்கு ஒரு வழி என எஃப்டிபியில் இரண்டு உண்டு. வரி முடிவைக் குறிக்க விண்டோஸ் இரண்டு குறிகளை இடும், லினக்ஸ் ஒன்றுதான் இடும். எழுத்து வழியில் அனுப்பினால் இந்தக் குறிகள் வழியிலேயே மாற்றப்படும். கடிதத்துக்கு அது நல்லது. புகைப்படத்தை அப்படி அனுப்பினால் படம் பாழ். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை மாற்றாமல் லினக்ஸுக்கு அனுப்பினாலும் வம்புதான். வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டி வரும் குறி, கோப்புப் பெயரோடும் மாறியின் மதிப்போடும் சேர்ந்துகொள்ளும். "அந்தப் பெயரில் கோப்பே இல்லை" என்று கணினி சாதிக்கும். கோப்போ கண்ணெதிரே இருக்கும்.

எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் பழைய முறை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் 2021-இல் அதைக் கைவிட்டன. இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எஸ்எஃப்டிபியே ஏற்றது.

இதுவரை சொன்னவற்றில் போனது நேரம் மட்டுமே. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் போனது வேறு. அங்குள்ள மீத்திறன் கணினியில் ஆய்வாளர்களின் கோப்புகளை நகலெடுத்துக் காக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் இருந்தது. 10 நாட்களுக்கு மேல் பழையதான பதிவுக் கோப்புகளைத் தேடி நீக்கும் கட்டளையும் அதற்குள் இருந்தது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஹியூலெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் நிறுவனத்தின் ஜப்பான் பிரிவு அதில் திருத்தங்கள் செய்தது. நீக்கும் கட்டளைக்குப் போகும் மாறியின் பெயரும் மாறியது. நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை எழுதிவிட்டார்கள்.

பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டு ஓடுவதில்லை. படித்துக்கொண்டே ஓடுகிறது. பாதி வழியில் கோப்பு மாறியதும், அந்த இடத்திலிருந்து புதிய வரிகளைப் படிக்கத் தொடங்கியது. புதிய பெயருக்கு மதிப்புக் கொடுக்கும் வரியோ ஓடவே இல்லை. பெயர் காலி. பாஷ் அதற்காக நிற்பதில்லை. காலியான பெயரை வெற்றிடமாக எடுத்துக்கொண்டு மேலே போகும். பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கத் தொடங்கியது. 2021 டிசம்பர் 14 மாலையிலிருந்து 16 நண்பகல் வரை ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. அளவு 77 டெராபைட். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை. காவலுக்கு வைத்த ஸ்கிரிப்டே இதைச் செய்தது. நிறுவனம் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது.

இதைத் தடுக்கும் வழிகள் புதியவை அல்ல, செலவும் இல்லை. ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -யு' என்று ஒரு வரி எழுதினால், மதிப்பே தரப்படாத மாறியைத் தொட்டவுடன் பாஷ் நின்றுவிடும். ஆனால் மதிப்பு தரப்பட்டு அந்த மதிப்பே வெறுமையாக இருந்தால் இந்த வரி கண்டுகொள்ளாது. ஆகவே நீக்கும் கட்டளைக்கு முன்னால், பாதை காலியாக இல்லை என்று தனியே சோதிப்பது அவசியம். முதல் ஓட்டத்தில் நீக்கச் சொல்லாமல், எவையெல்லாம் நீங்கும் என்று பட்டியல் போடச் சொல்லலாம். அந்தப் பட்டியலைச் சோம்பல் படாமல் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடும் ஸ்கிரிப்டை மாற்ற வேண்டி வந்தால் புதியதை வேறு பெயரில் எழுதி முடித்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றி வைப்பது முறை. அப்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது பழைய கோப்பையே கடைசி வரை படித்து முடிக்கும். அடுத்த முறை தொடங்கும்போதுதான் புதியது கைக்கு வரும்.