பழைய படங்களில் நம் உறவினர்



நம் வீட்டு அலுமாரி லாச்சிகளிலே, காணி உறுதிகளுக்கும் சாதகக் குறிப்புகளுக்கும் இடையே, தடித்த மட்டையில் ஒட்டிய மங்கிய படங்கள் சில கிடப்பதுண்டு. அவற்றில் இருப்போர் நம்மவர் என்பது தெரியும். இன்னார் என்பது தெரியாது. பெயர் சொல்லக் கூடியவர் குடும்பத்தில் ஒருவரோ இருவரோ எஞ்சியிருப்பர். அவர்களும் எண்பதைக் கடந்தவராயிருப்பர். ஆதலால் இது ஆறுதலாகச் செய்யத்தக்க வேலையன்று.

முதலிற் படத்தின் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். எங்கள் வீட்டுப் படமொன்றின் பின்னே, “பெரியம்மா, ஈப்போ, 1926” என்று எழுதப்பட்டுள்ளது. யாருடைய பெரியம்மா? முறைப்பெயர் சொல்லுபவரைப் பொறுத்தது. எழுதியவர் யாரென அறியாவிடின் அச்சொல்லாற் பயனில்லை. பழைய கடிதங்களோடு ஒப்பிட்டபோது, அக்கையெழுத்து என் அம்மம்மாவினுடையது என்பது தெளிவாயிற்று. அப்படியாயின் படத்திலுள்ளவர் அம்மம்மாவின் தாயாருக்குத் தமக்கையாராதல் வேண்டும்; அன்றேல் தந்தையாரின் தமையனார்க்கு மனைவியாராதல் வேண்டும். இருவரையும் பெரியம்மா என்றே அழைப்பது நம் வழக்கம்.

இவ்விடத்திலே நகை துணைசெய்தது. பழைய படங்களிற் காணும் மாளிகையும் பூந்தோட்டமும் திரையில் வரைந்தவை. கையிலுள்ள புத்தகமும் பக்கத்து மேசை மணிக்கூடும் பெரும்பாலும் படம் பிடிப்பவரின் உடைமைகள். அவற்றைக் கொண்டு பாட்டனாரைப் பெரும் படிப்பாளி என்று முடிவுசெய்வோரும் உளர்! நகையை ஓரளவு நம்பலாம். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையின்படி, தாயின் சீதனம் பெண்மக்களைச் சேரும். ஆகவே நகை பெரும்பாலும் தாய்வழியே இறங்கிவந்தது. ஈப்போப் படத்துப் பெண்மணி அணிந்துள்ள அட்டியலைப் போன்ற வேலைப்பாடுடைய அட்டியலொன்று, அம்மம்மாவின் தாயாருடைய படத்திலும் காணப்படுகின்றது. சகோதரியர் இருவருக்கும் ஒரே தட்டாரிடம் செய்வித்த சோடி என்று கொள்வதே பொருத்தம். எனினும் இது முடிந்த முடிபன்று. அப்பெயரின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இன்னும் இருக்கின்றது.

ஈப்போ எவ்வாறு வந்தது என்பது நேயர் பலர் அறிந்ததே. மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்தவர் பலர் அந்நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் பணிபுரியச் சென்றனர். சென்றோர் குடும்பமாகப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினர்.

முதியோரிடம் கேட்கும் முறையும் ஒன்றுண்டு. “இவர் பெரியப்பாதானே?” என்று கேட்டால், நம் மனம் நோகாதிருக்க “ஓம்” என்று சொல்லிவிடுவர். வகுப்பறையிலும் விடையை உள்ளடக்கிய வினாவிற்கு இவ்வாறே மறுமொழி வரும். படத்தை வெளிச்சத்தில் அவர் கையிற் கொடுத்துப் பேசாதிருத்தல் நன்று. முகம் நினைவுக்கு வராவிடினும், நிற்கும் நிலையோ, தலைப்பாகை கட்டிய விதமோ ஒரு பெயரைக் கொண்டுவரும். நெற்றியிற் பொட்டில்லாத பெண்ணைக் கண்டால், கணவர் இறந்த ஆண்டை விசாரிக்கலாம். படம் அதற்குப் பிந்தியதாதல் கூடும். சொன்ன பெயரை அன்றே, சொன்னவர் பெயரோடும் தேதியோடும், மென்மையான பென்சிலாற் பின்புறத்தில் எழுதுக. மைப்பேனா வேண்டா, மை முன்பக்கத்திற்கு ஊறிவிடும். கூட்டமாக நிற்போரை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்துக.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது, படங்களைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் பல. திரும்பிச் சென்றபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அத்தகைய நேயர்க்கு ஒன்று சொல்வேன். அக்காலத்தில் ஒரு படத்திற்குப் பல பிரதிகள் எடுப்பித்து, உறவினர்க்கெல்லாம் அனுப்பினர். உங்கள் வீட்டில் அழிந்த படம் சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ ஒரு சிறிய தகப்பனார் வீட்டில் இருத்தல் கூடும். கடிதம் எழுதுங்கள்; கைத்தொலைபேசியிற் படமாக அனுப்புமாறு கேளுங்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். நம் பிரதியில் எழுதப்படாத பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கலாம்.