இரண்டு முறை சூளை கண்ட கோப்பை



இன்ஜினியரை மேடையேற்றினால் பாய்லர், பாலம் என்று பேசுவான் என்று பயந்திருப்பீர்கள். நான் பேசப்போவது டீ கோப்பையைப் பற்றி. டீ வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் ஜிங்டெஜென் சூளைகளில் வெந்த பீங்கான் கோப்பைகள் கப்பல் கப்பலாக ஆம்ஸ்டர்டாமில் வந்து இறங்கின. பல வண்ணம் தீட்டியது விலை கூடுதல். வெறும் வெள்ளையும் நீலக்கோடு போட்டதும் மலிவு. புது டிசைன் கேட்டு எழுதிப் போட்டால், சரக்கு வந்து சேர்வதற்குள் ஃபேஷனே மாறிவிடும். ஹாலந்துக்காரன் யோசித்தான்: மலிவானதை வாங்குவோம், வண்ணத்தை இங்கேயே பூசிக்கொள்வோம்! 1760-களில் லண்டனில் ஜேம்ஸ் ஜைல்ஸ் என்பவரும் இதே தொழிலைச் செய்தார்.

சூட்டில்தான் இருக்கிறது விஷயம். பீங்கான் வேகிற சூடு சுமார் 1300 டிகிரி செல்சியஸ். எனாமல் என்பது ஈயம் கலந்த கண்ணாடிப் பொடி. பச்சைக்குச் செம்பு, சிவப்புக்கு இரும்பு, ரோஜா நிறத்துக்குத் தங்கம்! இது 700, 800 டிகிரியிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். அடியில் உள்ள சீனத்து மெருகு அந்தச் சூட்டில் உருகி ஓடாது. நடுவில் கிடைத்த அந்த 500 டிகிரியில் ஒரு தொழிலே நடந்தது, பாருங்க. ஆனால் சூட்டை அவசரமாக ஏற்றி இறக்கினால், கடல் தாண்டி உடையாமல் வந்த கோப்பை அடுப்பில் விரிசல் விட்டுவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு. சில வெள்ளைக் கோப்பைகளில் சீனத் தொழிலாளி மெருகுக்கு அடியில் மெல்லிய பூவேலை கீறியிருப்பான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆம்ஸ்டர்டாம் ஓவியர்கள் அதைச் சட்டை செய்யாமல், அதன் மேலேயே ஜப்பான் பாணியில் பறவையும் செடியும் வரைந்தார்கள். நீலச் சித்திரம் முடிந்த கோப்பையில்கூடச் சிவப்பை அப்பினார்கள். வெறும் வெள்ளையில் வரைந்ததை நான் ரசிக்கிறேன். இங்கே மட்டும் என் ஓட்டு சீனாக்காரனுக்குத்தான்.

சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்னவர் போட்டிருந்த சின்ன வடிகால் குழாயை, பழைய டிராயிங்கைப் பார்க்காமலே, வேண்டாததென்று எடுத்துவிட்டேன். மழைக்காலத்தில்தான் அது ஏன் இருந்தது என்று புரிந்தது.

அப்படிப்பட்ட கோப்பை எங்காவது கையில் கிடைத்தால் விரலால் தடவிப் பாருங்கள், எனாமல் மேடு தட்டும். அப்புறம் விளக்கருகே சாய்த்துப் பிடியுங்கள், அடியில் சீனத்துப் பூ தெரியும்.

டீ வந்துவிட்டது.