உறுதிமொழித் தாளும் உயர் பதவியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆட்சியிலும் தொழிலிலும் தலைமை ஏற்ற பெண்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தமிழ் படித்த எனக்கு இத்தலைப்பைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வந்தவர் ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சி, தொண்டைமானிடம் தூது செல்ல அவரையே தேர்ந்தான். அத்தூதின் பயனாக நமக்குக் கிடைத்தது புறநானூற்றின் 95ஆம் பாடல். பகை கொண்டு நின்ற இரு மன்னர்க்கிடையே ஒரு பெண்பாற் புலவரின் சொல்லை ஓர் அரசு நம்பியது. அவரை அனுப்புமுன் எந்த உறுதிமொழியையும் எழுதி வாங்கியதாக நம் இலக்கியத்தில் செய்தி இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதி வாங்கினார்கள்.

குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924இல் பிறந்தவர் சி. பி. முத்தம்மா. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். குடிமைப் பணித் தேர்வில் வென்று, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் இவர். நேர்முகத் தேர்வில் அமர்ந்திருந்தோர், வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஏற்றதன்று என்று அவரைத் திசைதிருப்ப முயன்றனர். அவர் அசையவில்லை. பின்னர், திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவேன் என்று எழுத்தில் உறுதிமொழி பெற்றுக்கொண்டே கதவைத் திறந்தனர். முத்தம்மா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

அடுத்து 1951ஆம் ஆண்டு அணியில் இந்திய ஆட்சிப் பணிக்கு வந்த முதல் பெண் அன்னா ராஜம். இவரும் சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்தவர். சென்னை மாநிலத்தையே தம் பணிக்களமாகத் தேர்ந்துகொண்டவர். மணம் புரிந்தால் பணி முடிவுறும் என்ற வாசகம் அவருடைய நியமன ஆணையிலேயே இடம்பெற்றிருந்தது. ஒரு பெண்ணுக்கு மாவட்டப் பொறுப்பைத் தர அன்றைய முதலமைச்சர் இராஜாஜி தயங்கினார். தலைமைச் செயலகப் பணி தரலாம் என்றார். அன்னா ராஜமோ குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றவர். வாதாடி ஓசூரில் துணை ஆட்சியரானார். பிற்காலத்தில் மும்பையை அடுத்த நவசேவாத் துறைமுகம் உருவாவதற்குப் பொறுப்பேற்று, 1989இல் பத்மபூஷண் விருது பெற்றார். திருமண விதி பின்னர் தளர்ந்ததால், தம்மோடு பணியில் சேர்ந்த ஆர். என். மல்கோத்ராவை அவரால் மணக்கவும் முடிந்தது.

நண்பர்களே! இவர்களை "முதல் பெண்" என்று நாம் பாராட்டுகிறோம்; பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல் நம் கண்ணை ஒருபுறமாகத் திருப்பிவிடுகிறது. நுழைந்தவரின் துணிவைக் காண்கிறோம். அவர் கையொப்பமிட்ட தாளைக் காண்பதில்லை. அதே தாளைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களை எவரும் எண்ணுவதில்லை. உடன் நுழைந்த ஆடவர் எவரிடமும் அத்தகைய தாளை நீட்டவில்லை என்பதும் நம் நினைவில் நிற்பதில்லை.

முத்தம்மா அதை நினைவில் வைத்திருந்தார். 1970இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதராகச் சென்ற பிறகும், உயர்நிலைப் பதவி உயர்வில் தாம் ஒதுக்கப்பட்டதாகக் கண்டபோது உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. எனவே மனு தள்ளுபடி ஆயிற்று. ஆயினும் 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அப்பணி விதிகளின் பாகுபாட்டை வன்மையாகக் கண்டித்து, அவற்றைச் சீர்செய்யுமாறு வலியுறுத்தினார். மனு தோற்றது, விதி தோற்றோடியது. தமக்குக் காலம் கடந்த பின்பும் பின்னால் வருவோருக்காக வழக்காடியதே அவருடைய தலைமை என்பேன்.

தொழில்துறைக்கும் இஃது பொருந்தும். 1806இல் கல்கத்தா வங்கியாக வேர்விட்ட பாரத ஸ்டேட் வங்கிக்கு 2013இல்தான் ஒரு பெண் தலைவரானார். அவர் அருந்ததி பட்டாச்சார்யா. இவரும் ஆங்கில இலக்கிய மாணவியே! 1977இல் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, 36 ஆண்டுகள் படிப்படியாக ஏறி வந்தவர். அவர் தலைமையில், குழந்தையையோ முதியோரையோ பேணுவதற்காகப் பெண் ஊழியர் ஈராண்டு வரை விடுப்பில் சென்று மீண்டும் பணிக்குத் திரும்ப வங்கி வழிசெய்தது. ஒருவர் விதிக்குக் கட்டுப்பட்டு நுழைந்து அதனை எதிர்த்தார். மற்றொருவர் விதி எழுதும் நாற்காலியில் அமர்ந்து அதனை மாற்றினார். இலக்கியம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று மகளைக் கேட்கும் பெற்றோரிடம் இம்மூவரின் பெயரையும் சொல்லுங்கள்.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் கூற அனுமதியுங்கள். முனைவர் பட்டம் பெற்ற ஆண்டில் ஒரு கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். ஐந்தாண்டு உழைத்த ஆய்வேட்டைப் பற்றி ஒரு வினா கேட்டார்கள். வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தையைப் பற்றி மூன்று வினாக்கள் கேட்டார்கள். அந்தப் பணி எனக்குக் கிடைக்கவில்லை. வெளியே காத்திருந்த ஆடவர் இருவருக்கும் குழந்தைகள் இருந்தனர். அவர்களிடம் அம்மூன்று வினாக்களையும் கேட்கவில்லை என்று அவர்களே பின்னர் என்னிடம் சொன்னார்கள். எழுதி வாங்கும் காலம் போய்விட்டது. எழுதாமலே வாங்கும் காலம் போகவில்லை.

இறுதியாக, உரிமையோடு ஒன்று. பத்தாண்டுகளாக நம் வட்டம் மாலை ஆறரை மணிக்குக் கூடி, ஒன்பதரைக்குக் கலைகிறது. வரவேற்புப் பாடலும் நன்றியுரையும் மகளிருக்கு. தலைமையுரை ஆற்றிய மகளிரை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். "பெண்ணே எழுந்து வா" என்று கவியரங்கந்தோறும் அழைக்கிறோம். அவள் எழுந்து வந்தால் திரும்பிச் செல்லப் பேருந்து உண்டா என்று நாம் கேட்டதில்லை. நம்மை அறியாமலே நாமும் ஓர் உறுதிமொழித் தாளை வாயிலில் வைத்திருக்கிறோம்.

பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். குழந்தைகளையும் அழைத்து வரச் சொல்லுங்கள். அவர்கள் ஓடியாடும் ஓசையில் நம் கவிதைகள் ஒன்றும் குறைந்துவிடா. பெண் தலைமையைப் பாடும் தகுதி அன்று நம் வட்டத்துக்கு இன்னும் சற்றுக் கூடும்.