சிறு குன்றும் பெரு மலையும்

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலம் கழிக்கும் நாம், பனிச்சறுக்கைப் பற்றிப் பேச வந்தது தங்களுக்கு வியப்பாயிருக்கும். விமானம் இரையும் இந்த லோஹேகாவில் பனியேது என்று கேட்பீர்கள். காரணம் நமது இல்லத்திலேயே பிறந்தது.

நம் மூத்த மகன் ஞாயிறுதோறும் சிங்ஹகட் கோட்டைக்கு ஏறுபவன். சென்ற குளிர்காலத்தில், காஷ்மீரத்துக் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயில அனுமதி வேண்டினான். "குன்றேறிப் பழகியவனுக்கு இமயம் எதற்கு?" என்று கடிந்துகொண்டோம். அவன் தாயார் மூன்று நாட்கள் பரிந்து பேசிய பின்னரே மனமிளகி, பாஸ் வாங்கி, ஜீலம் விரைவு வண்டியில் ஏற்றி அனுப்பினோம்.

அவன் சென்ற பிறகு, அச்சத்தால் இவ்விளையாட்டைப் பற்றிப் படித்தோம். பகலில் இளகிய பனி இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். அதன்மேல் சறுக்குப் பலகையின் எஃகு விளிம்பு சரியாகப் பதியாவிடில், ஆள் பக்கவாட்டில் வழுக்கி வீழ்வான். புதிதாய்ப் பெய்த மென்பனியோ சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். உறைந்த சரிவு பொறுக்காது. ஆகவே கால் திருந்துவது அங்கேதான். அமெரிக்காவின் லிண்ட்சி வான் அம்மையார் இளமையில் பயின்றது மின்னசோட்டாவில் ஏறக்குறைய 300 அடி உயரமே உள்ள பக் ஹில் என்னும் குன்றில். ஓடுதளம் குறுகியதாதலின், ஒரே மாலையில் பன்முறை ஏறி இறங்கிப் பழக இயன்றது. அவரே 2010-ல் வான்கூவர் ஒலிம்பிக்கில் மலையிறக்கப் போட்டியில் தங்கம் வென்றார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது புனே நகரின் கிரிப்ரேமி மலையேற்றச் சங்கத்தார் சஹ்யாத்ரிக் குன்றுகளில் கால் பழகியவர்கள். அவர்களுள் எண்மர் 2012-ல் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். 2019-ல் பதின்மர் கஞ்சன்ஜங்காவை எட்டினர்.

ஆயினும் குன்று எல்லாவற்றையும் கற்பித்துவிடாது. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கயிற்றுவண்டி அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை செல்கிறது. மேலே காற்று மெல்லியது, முழங்காலளவு புதுப்பனி, பனிச்சரிவு உருண்டு வந்தால் மனிதனைப் புதைத்துவிடும். இவற்றை அறிய மலையிடமே செல்லல் வேண்டும்; அதுவும் படிப்படியாக.

பயிற்சியின் கடைசி நாளுக்கு முன்னிரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, இத்தனை நாளும் கீழ்ச்சரிவிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். நாளை நண்பர்களோடு மேலே போய் இறங்கட்டுமா?" என்றான். "ஆசிரியர் என்ன சொல்கிறார்?" என்றோம். "வேண்டாம் என்கிறார்" என்றான். "அப்படியாயின் வேண்டாம்" என்றோம். அவன் போகவில்லை. திரும்பி வந்து இரண்டு நாட்கள் நம்மோடு பேசவுமில்லை.

ஆடி மழையில் ஒரு ஞாயிறன்று நம்மையும் சிங்ஹகட்டுக்கு அழைத்துச் சென்றான். பாசி படிந்த பாறையில் நாம் தடுமாறியபோது கையைப் பற்றி, "பார்த்துக் காலை வையுங்கள் அப்பா, இங்கே அழுத்துங்கள்" என்று படிப்படியாய் ஏற்றினான். பாதி வழியில், "அன்று நான் மேலே போயிருந்தால் இறங்கத் தெரிந்திருக்காது" என்று தானே சொன்னான்.

அன்பர்களே! ஞாயிறுதோறும் நம் காலனியில் பத்துக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். இது சிறிய குன்றே. ஆயினும் கால் இங்கேதான் பழகுகிறது. குன்றை இகழ வேண்டா. மலையைத் தடுக்கவும் வேண்டா. வரும் குளிர்காலத்துக்கும் பாஸுக்கு விண்ணப்பம் எழுதி வைத்துள்ளோம்.